மகளின் ஆராய்ச்சி பற்றி யோகனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் யோகன்,

உன் கடிதம் கிடைத்தது. பெரும்போக விதைப்பு முடிந்ததையும், வந்தாறுமூலையில் பௌதிகவியல் முடித்த மகளுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி இடம் கிடைத்ததையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தாய், மிகுந்த மகிழ்ச்சி. இங்கே மழை விட்டபாடில்லை. “ஓர் அணு குறைந்த பழுதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறாள்?” என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

போகலைச் சுரங்கத்துக் காரீயம், அதாவது பென்சிற்கரி, ஓரணுத் தடிப்புள்ள தாள்களின் அடுக்கு என்பது நாம் உயர்தரத்தில் படித்ததே. 2004இல் மஞ்செஸ்ரரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற பௌதிகவியலாளர்கள் ஒட்டுநாடாவால் உரித்து ஆராய்ந்த கிரபீன் அதன் ஒற்றைத் தாள்தான். மொலிப்டினம் இருசல்பைட்டையும் போரன் நைத்திரைட்டையும் அவ்வாறே உரிக்கலாம். இத்தகைய தாளில் உட்பகுதி என்று ஒன்று கிடையாது. ஆகவே ஓர் அணு விடுபட்டாலும், மருதமுனைச் சாரத்தில் ஓர் இழை விட்டதைப்போல் அது மறையாமல் நின்று, மின்னோட்டத்தையும் ஒளியையும் மாற்றிவிடும்.

மொலிப்டினம் இருசல்பைட்டின் ஒரு தாள் ஏறத்தாழ 0.65 நனோமீற்றர் தடிப்பு. நடுவே மொலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மெல்லிய இலத்திரன் கற்றையைப் புள்ளி புள்ளியாக அதன்மேல் ஓட்டி, அகலச் சிதறும் இலத்திரன்களை அளந்தால், அணுவெண் கூடிய மொலிப்டினம் பளிச்சென்றும், ஒன்றன்கீழ் ஒன்றாயுள்ள இரு கந்தக அணுக்கள் மங்கலாகவும் படத்தில் விழும். அவற்றில் ஒன்று இல்லாத இடம் இன்னும் மங்கிவிடும். தொல்லை என்னவென்றால், பார்க்கும் கற்றையே கந்தகத்தைத் தட்டி வெளியேற்றக்கூடியது. கிரபீனிலிருந்து காபனைத் தள்ள 80 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்கு மேல் வேண்டும் என்பதால் 60இல் வேலை செய்கிறார்கள்; கந்தகமோ அதற்கும் முழுதாக அடங்குவதில்லை. படத்தில் தெரியும் வெற்றிடம் முன்பே இருந்ததா, பார்த்ததால் வந்ததா என்ற கேள்வியே இத்துறையின் உயிர்நாடி என்பது என் எண்ணம். கூரிய முனையைத் தொடாமல் நகர்த்தி, இடையே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் இன்னொரு நுணுக்குக்காட்டியும் உண்டு. அதன் துணையோடு, வெற்றிடம் என்று எண்ணப்பட்டவற்றுள் பல, ஒட்சிசன் வந்து குந்திய இடங்கள் என்று 2019இல் காட்டினார்கள். படத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு நல்ல குட்டு!

தட்டும் கற்றையையே கருவியாக்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிரபீனில் ஒரு காபனின் இடத்தில் சிலிக்கன் அணு ஒன்று இருக்கிறது என்று வை. கற்றையைச் சிலிக்கன்மேல் அல்ல, அதன் பக்கத்துக் காபன்மேல் நிறுத்துகிறார்கள். உதை வாங்கிய காபன் துள்ளி விழ, இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. அப்படியே சிலிக்கனை ஒவ்வோர் அடியாக வேண்டிய திசைக்கு நடத்தலாம்.

பயனும் இருக்கிறது. போரன் நைத்திரைட்டின் சில பழுதுகள் அறை வெப்பநிலையிலேயே ஒளியை ஒவ்வொரு போட்டனாக, அதாவது ஒவ்வோர் ஒளித்துணிக்கையாக, வெளிவிடுகின்றன. போரன் விடுபட்ட, மறையேற்றமுள்ள வெற்றிடத்திலுள்ள இலத்திரன்களின் சுழற்சியை (spin) ஒளியால் வாசிக்கலாம் என்பது 2020இல் வெளிவந்தது. காந்தப்புலத்தை உணரும் கருவிகளுக்கு அது உதவும். ஆனால் இத்தகைய பழுதை வேண்டிய இடத்தில், வேண்டிய வகையில், ஒன்றே ஒன்றாக உண்டாக்குவது இன்னும் கைக்கு எளிதில் அகப்படவில்லை. மகளுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

அவள் சேரும் கூடத்தில் எந்த நுணுக்குக்காட்டி, எத்தனை கிலோவோல்ற்றில் இயக்குகிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல். மற்றவை அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
சிவா