இறால் தொட்டியைக் கழுவுவதற்கு முன்: பண்ணைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தொட்டி கட்டி இறால் வளர்ப்பவர்களுக்கு,

வணக்கம். தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருப்பவன் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ என்ற பாக்டீரியா வந்துவிடுமோ என்ற பயத்தில் நாம் செய்கிற வேலைகளே சில நேரம் அதற்கு வாசல் திறந்துவிடுகின்றன.

குளோரின் போட்டால் நல்லது கெட்டது எல்லாம் சாகும். சரி. அப்புறம் குஞ்சு விட்டுத் தீனி போடுகிறோம். மிச்சத் தீனியும் கழிவும் சேர்ந்த தண்ணீரில், உழுதுபோட்ட நிலத்தில் கோரை முந்திக்கொள்வதுபோல விப்ரியோதான் முதலில் பெருகும். போட்டிக்கு வேறு நுண்ணுயிர் இல்லையே! 2009-ல் சீனாவில் தலைகாட்டி வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவிய இஎம்எஸ் (விப்ரியோவால் இளம் இறால்கள் கூட்டமாகச் சாகும் நோய்), குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே குளங்களைக் காலி செய்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ஆன்டிபயாட்டிக் போட்டாலும் இதே கதைதான். மருந்துக்கு மசியாத விப்ரியோ மிஞ்சுவது கூடுதல் தொல்லை.

ஓர் இறாலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்ல இறால் என்றால் தலைக்குள் ஈரல் கரும்பழுப்பாகப் புடைத்திருக்கும், முதுகில் குடல் விட்டுப்போகாத கோடாக ஓடும். இஎம்எஸ் கண்டதில் ஈரல் வெளுத்துச் சுருங்கியிருக்கும், குடலில் ஒன்றும் இருக்காது. அந்தக் கட்டத்தில், விப்ரியோவுக்குப் போட்டியாக விடும் நல்ல பாக்டீரியாவான பேசில்லஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவது காசைக் கொட்டுவதுதான். பேசில்லஸ் குஞ்சுக்கு முன்பே தண்ணீரில் குடியேறியிருக்க வேண்டும். என்ன இனம், கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல் என்று எழுதாத பாக்கெட்டை வாங்காதீர்கள். விற்பவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. மொலாசஸ் (கரும்புப் பாகுக் கழிவு) சேர்த்து, பயோஃப்ளாக் என்ற நுண்ணுயிர்த் திரளைத் தண்ணீரிலேயே வளர்ப்பதும் நல்ல வழிதான், ஆனால் காற்றூட்டும் ஏரேட்டர் ஒரு மணி நேரம்கூட நிற்கக்கூடாது. நம் மின்கட்டணத்தை நினைத்துக்கொண்டு இறங்குங்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை பேஜ் மீது. பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி, அதை வெடிக்க வைக்கும் வைரஸ் அது. இறாலை ஒன்றும் செய்யாது. மங்களூர் ஆய்வாளர்கள் பொரிப்பகங்களில் ஒளிரும் விப்ரியோவுக்கு எதிராக அதைப் பயன்படுத்தி, 2000-களிலேயே முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு சிக்கல்: ஒரு பேஜ் எல்லா விப்ரியோவையும் தாக்காது. உங்கள் தொட்டியில் இருப்பது எது என்று தெரிந்தால்தான் பொருத்தமானதைத் தேடிப் பிடிக்க முடியும். அதிலும், பாக்டீரியாவின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும் வகையைத் தொடவே கூடாது. அது நச்சு மரபணுக்களைச் சுமந்துபோய் இன்னொரு பாக்டீரியாவில் சேர்த்துவிடலாம்.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். இறால் செத்தால் வெளியே சொல்லாமல் தொட்டியைக் கழுவிவிடுகிறோம். போட்டியாளர் காதுக்குப் போகக்கூடாது என்ற கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கழுவிய தண்ணீரோடு ஆதாரமும் போய்விடுகிறது. நாம் எல்லோரும் சேர்ந்து கேட்டால், செயின்ட் ஜான்ஸ் தீவிலுள்ள கடல்மீன் வளர்ப்பு மையம் போன்ற ஓர் இடத்தில் பொருத்தமான பேஜைத் தேட உதவும் உள்ளூர் விப்ரியோக்களைச் சேமித்து வைக்க வழி பிறக்கலாம். அதுவரை, குளோரினைத் தொடுவதற்கு முன் சாகும் நிலையில் இருக்கும் இறால் நான்கைந்தை ஆய்வகத்துக்கு உயிரோடு அனுப்புங்கள். பண்ணையின் பெயர் வேண்டாம் என்றால் ஒரு குறி எண் போட்டுக்கொள்ளுங்கள். தேதியும் குஞ்சு விட்ட நாளும் தண்ணீரின் உப்பளவும் மட்டும் மறக்காமல் எழுதி ஒட்டுங்கள்.

அன்புடன்,
தண்ணீர்ப் பரிசோதகன் ஒருவன்