கருவி ஓடாத நாளுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையை ஒப்புயர்வு மையமாகத் தரம் உயர்த்தும் பணி பற்றி வெளிவரும் செய்திகளில், கட்டிடத்தின் மாடிகளும் படுக்கைகளின் எண்ணிக்கையும் கருவிகளின் விலையும் தவறாமல் இடம்பெறுகின்றன. வேறொரு மருத்துவமனையின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வாங்கிய கருவி ஆண்டில் எத்தனை நாள் ஓடும், ஓடாத நாளில் நோயாளிக்கு என்ன ஏற்பாடு என்ற தகவலை அச்செய்திகளில் தேடித் தேடிப் பார்த்தும் காணாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்ணா 1968-இல் முதலமைச்சராக இருந்தபோது சிகிச்சைக்காக நியூயார்க் வரை செல்ல வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அவர் உயிர் பிரிந்தது அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில். அங்கே 1957-லேயே கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான கோபால்ட் கருவி வந்துவிட்டது. இன்று காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வருபவர்களுக்குச் சென்னைக்குப் போகும் அலைச்சலை மிச்சப்படுத்துவது காரப்பேட்டைதான். அங்கே அதிநவீனக் கருவிகள் வருவதை யாரும் வரவேற்கவே செய்வார்கள், நானும் அப்படித்தான்.

கதிர்வீச்சுச் சிகிச்சையை எங்கள் பக்கத்து நோயாளிகள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். கருவி பழுதான நாட்களில் காத்திருப்புக் கூடத்துக்குள் நுழைந்ததும், "இன்னைக்காச்சும் கரண்ட் இருக்குதா சார்?" என்று கேட்பார்கள். புதிதாகப் பணிக்கு வந்த பொறியாளர் ஒருவர் மின்வெட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "ஜெனரேட்டர் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம், நோயாளிகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தச் சிகிச்சை ஒருநாள் வேலை இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், நோயைப் பொறுத்து ஐந்து முதல் ஏழு வாரம் வரை தொடர்ந்து தரப்படுவது. இடையில் நாட்கள் விட்டுப்போனால், அழியாமல் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கிவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு, உடலுக்கு வெளியிலிருந்து தரும் வெளிக்கதிர்வீச்சையும், கதிரியக்கப் பொருளை உடலுக்குள்ளேயே வைத்துத் தரும் உள்கதிர்வீச்சையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டி நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது கதிர்வீச்சு மருத்துவர்களின் கணக்கு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் நிலைமை இதைவிட மேலானதன்று. நம் அரசு மருத்துவமனைகளில் கதிர்வீச்சுக்கு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பங்கினர் இந்த நோய்களுக்கு உள்ளானவர்களே.

நான் பணியாற்றிய இடத்தின் பெயரைச் சொல்வதற்கில்லை. அங்கே தலை, கழுத்துப் பகுதிக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்காக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் முகமூடிகள் சுவர் அலமாரியில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும் எண்ணும் எழுதியிருப்போம். ஒருமுறை உதிரிபாகம் ஒன்று வரத் தாமதமாகிக் கருவி பதினொரு நாள் நின்றது. பன்னிரண்டாம் நாள் முதலாவதாக வந்த பெரியவருக்கு அவருடைய முகமூடியை மாட்டினேன். கன்னத்துக்கும் முகமூடிக்கும் இடையில் என் விரல் தாராளமாக நுழைந்தது. விழுங்க முடியாமல் அந்த நாட்களுக்குள் அவர் அவ்வளவு இளைத்திருந்தார். முகம் அசைந்தால் கதிர் இலக்கு தவறும் என்பதால், முகமூடியைப் புதிதாக வார்த்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுபடி திட்டமிட வேண்டியதாயிற்று. அதற்கு மேலும் நான்கு நாள் போயிற்று. பதிவேட்டில் அந்த இடைவெளிக்கு நாங்கள் எழுதிய காரணம் 'மிஷின் ரிப்பேர்' என்ற இரண்டே சொற்கள்.

பழைய கோபால்ட் கருவியில் சிக்கல் வேறு வகையாக வரும். அதில் கதிரைத் தரும் கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60 சுமார் 5.27 ஆண்டுகளில் பாதி வீரியத்தை இழந்துவிடும். புதிதாக இருந்தபோது இரண்டு நிமிடத்தில் கொடுத்த அளவைக் கொடுக்க அப்போது நான்கு நிமிடம் ஆகும். கருவி 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே அறிக்கையில் இருக்கும். ஆனால் ஒரு நாளில் எண்பது பேர் பார்த்த இடத்தில் ஐம்பது பேரைப் பார்ப்பதற்குள் இரவாகிவிடும். கருப்பைவாய் உள்கதிர்வீச்சுக்குப் பல இடங்களில் பயன்படும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் இன்னும் அவசரமானது. அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம் 74 நாட்களே என்பதால், ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய கதிரியக்க மூலம் வந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் கொள்முதல் ஆணை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, பாதுகாப்பான போக்குவரத்து என்று படிகள் பல. தேய்வது எந்த நாளில் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லக்கூடிய பொருளுக்கு, தேய்ந்த பிறகு கோப்பு எழுதத் தொடங்குகிறோம். பொங்கலுக்கு அரிசி வேண்டும் என்பது தை முதல் நாள் காலையில்தான் தெரியவந்தது என்பது போன்ற நிர்வாகம் இது. முழு ஆண்டுக்குமான மூலங்களுக்கு ஒரே ஒப்பந்தத்தில் தேதி குறித்து ஆணை கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

இப்போது வரும் லீனியர் ஆக்சிலரேட்டர்களில் கதிரியக்க மூலம் இல்லை. மின்சாரத்தைக் கொண்டே கதிரை உண்டாக்குபவை அவை. துல்லியம் கூடுதல், நலமான திசுக்களுக்குப் பாதிப்பு குறைவு. ஆனால் ஏற்ற இறக்கமில்லாத மின்சாரமும் இடைவிடாத குளிர்நீரும் குளிர்சாதனமும் இல்லாவிட்டால் அவை நின்றுவிடும். விலையுயர்ந்த உதிரிபாகங்கள் சில, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தேய்வது உறுதி. உத்தரவாதக் காலம் முடியும் மறுநாளே பராமரிப்பு ஒப்பந்தம் தொடங்குமாறு, அதற்கான தொகையைக் கருவி வாங்கும்போதே தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். முடிந்தவரை ஒரே மாதிரி கதிரைத் தருமாறு அளவு பொருத்தப்பட்ட இரண்டு கருவிகளாக வாங்கினால், ஒன்று நின்ற அன்று அதன் நோயாளிகளை மற்றொன்றுக்கு மாற்றி மாலை வரை பார்த்து முடிக்கலாம். இரண்டு நிறுவனங்களின் இரண்டு கருவிகளை வாங்கினால் நோயாளியின் சிகிச்சைத் திட்டத்தை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். அதற்குள் வாரம் ஓடிவிடும்.

காலையில் முதல் நோயாளி படுப்பதற்கு முன் கருவியின் கதிரளவைச் சரிபார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். கருவிகளைக் கூட்டிவிட்டு இப்பணியிடங்களைக் கூட்டாமல் விடுவது புதுப் பேருந்து வாங்கிவிட்டு ஓட்டுநரை நியமிக்காமல் விடுவதற்குச் சமம். தொழில்நுட்பர்களைப் பற்றி நானே எழுதினால் சொந்தக் கட்சிக்காகப் பேசுவதாகும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

விட்டுப்போன நாளை ஈடுகட்டவும் வழி உண்டு. வார நாளில் கருவி நின்றால் அந்த வாரச் சனிக்கிழமையில் சிகிச்சை தரலாம். சிலருக்கு ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இருமுறையும் தரலாம். இதை அந்தந்த நாளில் பணியில் இருக்கும் மருத்துவரின் நல்ல மனத்துக்கு விட்டுவிடாமல், மருத்துவமனையின் எழுதப்பட்ட நடைமுறையாகவே ஆக்க வேண்டும். விடுமுறைப் பணிக்கான ஊதியத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

காரப்பேட்டை நிலையத்தின் பெயரில் ஆராய்ச்சியும் சேர்ந்திருக்கிறது. ஆராய்ச்சி என்றதும் மரபணு ஆய்வுக்கூடம் நினைவுக்கு வருகிறது, அதுவும் வரட்டும். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சை எத்தனை நாள் தடைப்பட்டது, எதனால் தடைப்பட்டது, ஐந்து ஆண்டுக்குப் பின் அவர் எப்படி இருக்கிறார் என்று முறையாகப் பதிந்து வந்தாலே பெரிய ஆராய்ச்சிக்கான தரவு கிடைத்துவிடும். அடையாறில் 1981 முதல் சென்னை மக்களின் புற்றுநோய்ப் பதிவேடு பராமரிக்கப்பட்டு வருகிறது; அந்தப் பொறுமை நமக்குப் புதியதன்று. மாதந்தோறும் கருவி ஓடிய நாள், நின்ற நாள், நின்றதன் காரணம் ஆகிய மூன்றையும் மக்கள் நல்வாழ்வுத் துறை தன் இணையதளத்தில் வெளியிடட்டும்.

செய்யாறிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் நாள்தோறும் பேருந்தில் வந்து 'கரண்ட்' வைத்துக்கொண்டு திரும்புபவர்கள் விடியலுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போகிறது. கருவி பழுதானால் முந்தைய நாள் மாலையிலேயே அவர்கள் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகிவிடும்? புதிய கட்டிடத்தில் அந்த ஏற்பாட்டை முதல் நாளிலிருந்தே செய்து தருமாறு மருத்துவமனை நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சைத் தொழில்நுட்பர்,
ஆரணி.