தனுஷ்கோடிக்கு வண்டி எடுக்கும் மதுரை ஓட்டுநர்களுக்கு

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்கு வேன், டெம்போ டிராவலர் எடுக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும் வண்டி உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

தனுஷ்கோடியில் பெரிய பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இறங்கும் சுமார் 524 எக்டேர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் சரணாலயமாக அறிவித்தது. அறிவிப்புப் பலகை வைப்பதும் ரோந்து போவதும் வனத்துறையின் பாடு. அந்தப் பறவை நிம்மதியாக மேயுமா, பதறிப் பறக்குமா என்பது நீங்கள் பிரேக் போடும் இடத்தைப் பொறுத்தது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியை விட்டு, விடியலில் அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம், தரிசனம் முடித்தால், மதியம் ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மூன்று மணி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் எல்லா வண்டிகளும் தனுஷ்கோடிக்குத் திரும்புகின்றன. பறவை பார்க்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. உவர்மண் சுட்டு மேலே கானல் ஆடும். எவ்வளவு நல்ல பைனாகுலரானாலும் தண்ணீரில் வெள்ளைத் துணி நெளிவது போலத்தான் தெரியும். சரியாகத் தெரியவில்லை என்றுதான் பயணிகள் இறங்கிக் கழிக்குள் நடக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் கிளம்புங்கள். இல்லையென்றால் காலையில் சோதனைச் சாவடி திறந்தவுடன் பறவை, பிறகு தீர்த்தம். மாலைக்கு மேல், தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் இருக்க விடமாட்டார்கள் என்பதால், மாலையில் போனால் முனைக்கு முன்பே பறவையைப் பார்த்துவிடுங்கள். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் நேரம் இருக்காது.

கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் நல்ல இடம். தார்ச்சாலையை விட்டு இறங்காமல், பின்னால் வருகிற வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். என்ஜினை அணைத்துவிடுங்கள். ஏசிக்காக ஓடவிட்டால் வண்டி நடுங்கும், பைனாகுலரும் சேர்ந்து நடுங்கும். பாட்டையும் நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்குங்கள். வண்டியைக் கண்டு பறவை அவ்வளவாக மிரளாது. அதிலிருந்து இருபது பேர் இறங்கினால்தான் மிரளும்.

மிரண்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு எளிதாகப் புரியும். பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி தண்ணீரில் வைத்துக்கொண்டு, நாக்கைப் பிஸ்டன் மாதிரி அடிக்கும். தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் ஃபில்டர். உப்புநீர் இறாலும் பூச்சிப் புழுவும் பாசியும் அதில் தங்கும். ஒவ்வொன்றும் துளியூண்டு என்பதால் மணிக்கணக்கில் அலசினால்தான் இரண்டு முதல் நான்கு கிலோ உடம்புக்குக் கட்டுப்படியாகும். நின்ற இடத்திலிருந்து எழும்பவும் அதற்கு வராது, தண்ணீர் மேல் சில அடி ஓடித்தான் ஏற வேண்டும். சிறகை விரித்துப் பறக்கும் சிவப்புப் படத்துக்காகக் கைதட்டி விரட்டுகிறவர் ஒருவர் வண்டிக்கு வண்டி இருக்கிறார். அவரைத் தடுக்க உங்கள் குரல் ஒன்றுதான் அங்கே எடுபடும்.

குறைந்தது நூறு மீட்டர் தள்ளி இருங்கள். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் கழுத்தை நெட்டுக்குத்தலாக நீட்டி, ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று பொருள். பறந்த பிறகு பின்வாங்கிப் பயனில்லை.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வருவதற்கு முன், மணலில் வேன் ஓட்டிய கைகள் உங்களில் சிலருக்கு இருக்கும். அந்த வித்தையை இப்போது காட்ட வேண்டாம். கோடையில் உப்புக்கொத்தி, சின்ன ஆலா என்ற சிறு பறவைகள் வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம்தான், குனிந்து தேடினாலும் தட்டுப்படாது. பழைய டயர் தடமே அவற்றுக்குத் தோண்டிவைத்த குழி.

மீந்த தயிர்சாதப் பொட்டலத்தை அங்கே போடாதீர்கள். அதைத் தின்ன வரும் நாயும் காகமும் அங்கேயே தங்கிவிடும். தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமை என்ற கடலாமை கரையேறி, முழ ஆழத்தில் நூறு முட்டைக்கு மேல் புதைக்கும். அது பொரிய 45 முதல் 60 நாள். அத்தனை நாளும் அந்த நாய் அங்கேதான் சுற்றும். தை அமாவாசைக் கூட்டமும் ஆமையும் பூநாரையும் ஒரே சமயத்தில் வருவதுதான் சிக்கல்.

சித்திரைத் திருவிழா முடிந்து வரும் கோடை விடுமுறைக் கூட்டத்திடம் ‘பூநாரை காட்டுகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குள் பெரும்பாலானவை போயிருக்கும். மதுரைப் பக்கம் சாமநத்தம் கண்மாயில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கும் வால்பக்கம் ரோஜா நிறம் உண்டு. அதைப் பார்த்துப் பூநாரை என்பவர்கள் நிறையப் பேர். பூநாரையின் அலகு நடுவில் முறிந்தாற்போல் வளைந்து நுனி கறுத்திருக்கும். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை நோயாளிகள் அல்ல, இளசுகள்.

வண்டிக்கு ஒரு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மி.மீ. முன்வில்லை) பைனாகுலர் போதும். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலது கண்வில்லை வளையத்தை மட்டும் திருகுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால் ‘ஒண்ணும் தெரியலண்ணே’ என்று இறங்கி நடப்பார்கள்.

கடைசியாக, கடைகள். பவளத் துண்டு, கடல்விசிறி, கடல்குதிரை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. வாங்கி எடுத்துப் போனால் ஏழு ஆண்டு வரைகூடச் சிறை கிடைக்கலாம். வண்டியையும் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. பாம்பன் பாலம் ஏறும் முன் பயணிகளிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தை அமாவாசைக்கான முன்பதிவு தொடங்கும்போது, அட்டவணையில் ‘மதியம் தனுஷ்கோடி’ என்ற வரியை ‘மாலை 3.30’ என்று மாற்றி அச்சடிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரைக் கண்மாய்களில் பறவை பார்க்கும் சிலர்