ஏற்காட்டுத் துறவற இல்லங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அருட்தந்தையரே, அருட்சகோதரிகளே,

வணக்கம். சேலத்தில் பிறந்து, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சேர்வராயன் மலைக்கிராமங்களில் நடந்து பழகியவன் நான். உங்களிடம் பணமோ இடமோ கேட்கவில்லை. இம்மலையூர்களின் பழங்கற்களைப் பதிவு செய்வதற்காக, உங்கள் இல்லங்களில் பயிலும் இளந்துறவியரின் சனிக்கிழமை மாலைகளில் சிலவற்றைக் கேட்கிறேன்.

மரத்தடிப் பிள்ளையார் அருகில் வழவழப்பான கரிய கற்கள் குவிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனை ஒடுங்கி, மறுமுனை தீட்டிய வாயோடு இருக்கும். உழும்போது அகப்பட்டதைச் சாமிக்கு உரியது என்று இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்கள் கொண்டுவந்து வைத்தவை. அவை புதிய கற்காலக் கோடரிகள், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் தீட்டிய கருவிகள். 1863இல் பல்லாவரத்தில் இன்னும் பழைய, பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் புரூஸ் பூட், ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். இந்த மலைக் கோடரிகளை அவரும் திரட்டினார். அவருடைய சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இங்கே மிஞ்சியவற்றுக்கு இன்றுவரை ஒரு முறையான பட்டியலை நான் பார்த்ததில்லை.

ஓர் ஊரில் அப்படிப் பத்தொன்பது கற்களை எண்ணியிருந்தேன். மறு ஆண்டு போனபோது மேடையைப் புதுப்பித்து, கற்களைச் சிமெண்டுக்குள் பதித்திருந்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். ஊராரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணிய நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. அந்த வருத்தம்தான் இந்த மடல்.

துறவிக்கு இந்த வேலை எதற்கு என்று யாரேனும் கேட்டால், ஹென்றி ஹெராஸ் அடிகளைச் சொல்லுங்கள். ஸ்பெயின் நாட்டு இயேசு சபைத் துறவி. 1922இல் பம்பாய் வந்து தூய சவேரியார் கல்லூரியில் இந்திய வரலாறு கற்பிக்கப் புகுந்தபோது அவருக்கு அந்த வரலாறு தெரியாது. படித்துக்கொண்டு கற்பித்தார். 1926இல் அங்கேயே ஒரு வரலாற்று ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். சிற்பங்களும் காசுகளும் அங்கே சேர்ந்தன. மறு ஆண்டே விசயநகரத்தின் அரவீடு மரபைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது.

நமக்கு அவர் இன்னும் நெருக்கமானவர். சிந்துவெளி முத்திரைகளின் மொழி திராவிடம் என்று நம்பி, மீன் குறியை 'மீன்' என்றே படித்தார். நம் மொழியில் மீன் விண்மீனும் ஆகும் அல்லவா? ஆறு கோடுகளும் மீனும் சேர்ந்தால் அறுமீன், அதாவது கார்த்திகை. அகநானூறு அறியும் சொல் அது. 1953இல் பெருநூலாக வந்த அவருடைய வாசிப்புகளில் பெரும்பாலானவற்றை அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால் மீன் பற்றிய அந்த ஒரு பொறியைப் பின்வந்தவர்கள் விடாமல் பற்றிக்கொண்டார்கள். ஹெராஸ் 1955இல் பம்பாயிலேயே மறைந்தார்.

இன்னொரு துறவியின் கதை எச்சரிக்கை. தொமினிக்கன் சபையைச் சேர்ந்த ரோலண்ட் தெ வோ, சாக்கடல் கரையில் கும்ரான் என்னும் பழங்குடியிருப்பை 1951 முதல் 1956 வரை அகழ்ந்தார். முழு அறிக்கையை முடிக்காமலே 1971இல் காலமானார். எழுதாமல் போனதை மற்றவர்கள் அவருடைய குறிப்புகளிலிருந்து திரட்ட வேண்டியிருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. தோண்ட வேண்டாம், ஒரு கல்லையும் ஊரைவிட்டு எடுத்துவர வேண்டாம். இடம் மாறிய கல் பாதி ஊமை. தவிர, அது அவர்கள் வணங்கும் பொருள். ஊர்க்கவுண்டரிடம் அனுமதி பெற்று, கல் இருக்கும் இடத்திலேயே அளந்து, படம் பிடித்து, எந்தக் கொல்லையில் கிடைத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். ஒரு பிரதியை ஊருக்கும் ஒன்றை மாநிலத் தொல்லியல் துறைக்கும் கொடுங்கள். ஞாயிறு வழிபாட்டுக்கும் மருத்துவ உதவிக்கும் அந்த ஊர்களுக்கு நடந்து போகிறவர்கள் நீங்கள். உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள்; வெளியூர் ஆய்வாளருக்கு அது எளிதில் வாய்க்காது.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையூர்க்காரர்கள் எல்லோரும் மேலே கூடுவார்கள். அதற்கு முன் ஓர் ஊரையாவது முடித்துவிட்டால், அந்த நோட்டை அங்கே அவர்களிடமே காட்டலாம். அளவு நாடாவோடு நானும் வருகிறேன். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேலத்துக்காரன் ஒருவன்