காலாங் ஆற்றங்கரையிலிருந்து அரசலாற்றங்கரைக்கு

சிங்கப்பூர்,
பங்குனி, ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். இங்கே நாங்கள் நால்வரும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உளுந்தும் பயறும் கோடை மழையில் மாட்டிக்கொள்ளாமல் களத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, "அந்த ஊரில் ஆறு என்று ஒன்று உண்டா, பிள்ளைகள் கால் நனைக்க இடம் இருக்கிறதா?" என்று கேட்டீர்கள் அப்பா. ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராகச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஷட்டர் சாவியும் கையுமாக, காவிரியின் கிளையான அரசலாற்றின் கரையிலேயே வாழ்ந்த உங்களுக்கு, அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ஒரு பதிலைச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று பிள்ளைகளோடு முழுப் பகலையும் இங்குள்ள ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் கழித்துவிட்டு வந்திருக்கிறேன். பார்த்தது மனத்தில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பீஷான்-அங் மோ கியோ பூங்கா இருக்கிறது. அதன் பரப்பு 62 ஹெக்டேர், நம் ஊர் நில அளவில் சொன்னால் 23 வேலி. நுழைவுச் சீட்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை. தாத்தாக்களும் பாட்டிகளும் விடியற்காலையிலேயே வந்து கைகளை மெல்ல அசைத்துச் சீன முறையில் உடற்பயிற்சி செய்கிறார்கள். வெயில் ஏறியதும் அவர்கள் போய்விட, குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து சேர்கின்றன. அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலில் சாதம் கிளறி, தயிர்சாதமும் மோர் மிளகாயும் கட்டிக்கொண்டு நாங்களும் காலையிலேயே போய்விட்டோம். நம் ஊர்ச் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் இங்கேயும் கிளை விரித்து நிற்கிறது. அதன் நிழலில் பாயை விரித்தபோது, இது வெளிநாடு என்ற எண்ணமே சிறிது நேரம் எனக்கு இல்லாமல் போயிற்று.

இந்தப் பூங்காவின் நடுவே ஓடுவதுதான் காலாங் ஆறு. சிங்கப்பூரிலேயே நீளமான ஆறு இதுதான். ஆனாலும் இதன் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை 800 கிலோமீட்டர் ஓடிவரும் காவிரியின் கரையில் வளர்ந்தவர்கள் இதை வாய்க்கால் என்றே சொல்வார்கள். இருந்தும் இதைப் பற்றி உங்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், இந்த ஆறு ஒரு முறை செத்துப் பிழைத்த ஆறு என்பதுதான்.

1960களிலும் 1970களிலும் இங்கே அடிக்கடி வெள்ளம் வந்து ஊர்களைச் சூழ்ந்தபோது, மழைநீர் தாமதமின்றிக் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஆற்றை நேராக்கி, அடியிலும் இரு பக்கங்களிலும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். வெள்ளம் வடிந்தது, ஆனால் ஆறு வடிகாலாகிவிட்டது. 1988இல் பூங்கா அமைத்தபோதும், அந்தக் கான்கிரீட் கால்வாய் பூங்காவின் ஓரமாக வேலிக்கு அப்பால் தனியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இருந்தும் ஒரு குழந்தை அதன் அருகே போக வழியில்லை. பிறகு 2006இல், நீர்நிலைகளை மக்கள் பழகும் இடங்களாக மாற்றும் திட்டம் ஒன்றை இங்குள்ள பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கியது. அதன்படி தேசியப் பூங்காக் கழகத்தோடு சேர்ந்து 2009இல் இங்கே வேலையை ஆரம்பித்து, 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாயை உடைத்தெடுத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆறாக மாற்றி, 2012இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உடைத்த கான்கிரீட்டைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. அந்தத் துண்டுகளைக் குவித்து எழுப்பிய மேடு ஒன்று பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. சின்னவன் அதன் மேல் ஏறி நின்றுதான் ஆற்றை முதலில் பார்த்தான்.

கரை கட்டிய விதத்தை உங்களுக்காகவே விசாரித்துத் தெரிந்துகொண்டேன் அப்பா. எந்த முறை இந்த மண்ணில் நிற்கும் என்பதைச் சிறிய வடிகால் ஒன்றில் முதலில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு மரக்கிளைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கரைச் சரிவில் பதித்தும், கற்களை அடுக்கி இடுக்குகளில் துளிர்க்கும் கிளைத் துண்டுகளான போத்துகளை நட்டும், துணி போன்ற விரிப்பில் மண்ணைச் சுற்றி அதன் மேல் செடி வளர்த்தும் கரையை நிறுத்தியிருக்கிறார்கள். வேர் இறங்க இறங்கக் கரை கெட்டிப்படுகிறது. இதைக் கேட்டபோது எனக்கு ஐப்பசி அடைமழையில் நம் ஊர் மேற்கே உடைப்பு எடுத்த இரவுதான் நினைவுக்கு வந்தது. சவுக்குக் கழிகளை வரிசையாக அடித்து, இடையே தழையும் வைக்கோலும் திணித்து, மணல் மூட்டைகளை அடுக்கி, விடிவதற்குள் நீங்களும் ஊர்க்காரர்களும் அந்த உடைப்பை அடைத்தீர்கள். மறு ஆண்டு அந்த இடத்தில் நாணலும் நொச்சியும் மண்டி நின்றதையும், அதன் பிறகு அந்தக் கரை அசையவில்லை என்பதையும் நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். ஜெர்மனியிலிருந்து நிபுணர்களை அழைத்து வந்து இவர்கள் செய்த வேலையின் அடிப்படை, படிப்பறிவு அதிகம் இல்லாத நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்திருந்தது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். முன்பு 17 முதல் 24 மீட்டர் வரை இருந்த கால்வாயின் அகலம், இப்போது வெள்ளக் காலத்தில் சில இடங்களில் ஏறத்தாழ 100 மீட்டர் வரை விரிகிறது. மழையில்லாத நாளில் ஆறு நடுவில் ஒடுங்கி ஓட, இரு பக்கமும் உள்ள புல்வெளியில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்; பெருமழை வந்தால் அந்தப் புல்வெளி முழுவதும் ஆற்றுக்குச் சொந்தமாகிவிடுகிறது. கொள்ளிடத்துப் படுகையில் வாழையும் காய்கறியும் போடுகிறவர்கள், வெள்ளம் வந்தால் ஆற்றுக்கு வழி விட்டுக் கரையேறுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு புதிதாகவே தெரியவில்லை. பழைய கால்வாயை விட இப்போது 40 விழுக்காடு அதிகமான நீரை இந்த ஆறு தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கரையை நெருக்கிச் சுவர் எழுப்புவதுதான் வெள்ளத்துக்குப் பாதுகாப்பு என்று வாதிடுகிறவர்களிடம் இந்தக் கணக்கைத் தவறாமல் சொல்லுங்கள்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று அம்மா கேட்பாள். ஆற்றின் குறுக்கே பெரிய கற்களை இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார்கள். பெரியவள் ஒவ்வொன்றாகத் தாண்டி அக்கரை போய்த் திரும்பினாள். சின்னவனை உங்கள் மாப்பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். தண்ணீர் கணுக்கால் அளவுதான். அடியில் கூழாங்கற்களும் சிறு மீன்களும் தெரிகின்றன. மீனுக்குச் சோறு போட வேண்டும் என்று சின்னவன் அடம் பிடித்தான். காட்டுயிர்களுக்கு உணவு போடுவது இங்கே சட்டப்படி குற்றம் என்று பெரியவள் அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பள்ளியில் சொல்லித் தருகிறார்களாம். இந்த ஆற்றில் நீர்நாய்களும் வந்து குடும்பம் நடத்தியிருக்கின்றன. அவை காவிரியில் இருக்கும் அதே இனம். இன்று அவை கண்ணில் படவில்லை. கொள்ளிடத்தில் நீங்கள் பார்த்த நீர்நாய்க் கூட்டத்தின் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினேன்.

பூங்காவின் குளத்து நீரைச் சுத்தம் செய்வதற்கும் செடிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். படிப்படியான பாத்திகளில் நீர்த்தாவரங்களை வளர்த்து, குளத்து நீரை மேலே ஏற்றி அவற்றின் வேர்களுக்கிடையே விடுகிறார்கள். வேரிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிட, தெளிந்த நீர் மறுபடி குளத்துக்குத் திரும்புகிறது. நான் சிறு பெண்ணாக இருந்தபோது தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பக்கத்துச் சிவகங்கைப் பூங்காவுக்கு எங்களை அழைத்துப் போய், சேவப்ப நாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் நிலத்தடி வழியாகச் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து ஊருக்குக் குடிநீரானதை நீங்கள் கரையில் நின்று விளக்கினீர்கள். இங்கேயும் அதே கதைதான். இந்தப் பூங்காவில் விழும் மழை காலாங் ஆற்றின் வழியே மரீனா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008இல் கடல் முகத்தில் கட்டிய அணை அதைக் கடலில் கலக்காமல் நிறுத்திக் குடிநீராக்குகிறது. தாங்கள் குடிக்கப் போகும் நீர் என்பதை அறிந்த மக்கள் இந்த ஆற்றில் பெரும்பாலும் குப்பை போடுவதில்லை. தண்டனைக்குப் பயந்துதான் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை; ஆறு கண்ணெதிரே, காலடியில் ஓடுவதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை இங்கே வழக்கம். ஆற்றில் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். மழை வலுத்தாலோ நீர் ஏறினாலோ விளக்கு எரிந்து, சங்கு ஒலித்து, கரையை விட்டு மேலேறும்படி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. நாங்கள் தூறல் விழுந்ததுமே பாயைச் சுருட்டிக்கொண்டு கூரை போட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். சற்று முன் பிள்ளைகள் தாண்டிய கற்கள் கண் முன்னே மூழ்கின. தண்ணீர் திறப்பதற்கு முன் நீங்கள் சைக்கிளில் கரையோரமாகப் போய், துவைக்கிறவர்களையும் மாடு குளிப்பாட்டுகிறவர்களையும் குரல் கொடுத்து மேலேற்றுவீர்களே, அந்த வேலையைத்தான் இங்கே கருவிகள் செய்கின்றன என்று பெரியவளிடம் சொன்னேன். "அப்படியென்றால் தாத்தாதான் அங்கே சங்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எங்களோடு மழைக்கு ஒதுங்கியவர்களில் நம் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். மன்னார்குடிக்குப் பக்கம். கட்டுமான வேலைக்கு வந்தவர்; ஞாயிறு விடுமுறை. எங்கள் பேச்சைக் கேட்டதும், "அக்கா தஞ்சாவூர்ப் பக்கமா?" என்று வந்து பேசினார். மிச்சமிருந்த புளிச்சோற்றைக் கொடுத்தபோது கூச்சப்பட்டு, பிறகு ஆவலோடு வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய அப்பாவுக்கு கடைமடையில் கொஞ்சம் நிலமாம். தண்ணீர் எட்டாத ஆண்டின் கடனை அடைக்கத்தான் இங்கே வந்ததாகச் சொன்னார். ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ஆத்துல இப்ப மணலும் காட்டாமணக்கும்தான் கெடக்கும்" என்றார். அந்தப் பிள்ளையின் முகம் இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவர் இங்கே எழுப்பும் கட்டடங்களுக்குக் கீழே நம் ஊர் வயல்களின் உழைப்பும் இருக்கிறது அப்பா.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நம் தெருப் படித்துறையின் படிகள் பெயர்ந்து, குப்பை கொட்டும் இடமாகிவிட்டது என்றும், அந்த இடத்தில் ஆற்றை மறைத்து நெடுஞ்சுவர் எழுப்பிவிடலாம் என்று ஊரில் பேச்சு நடக்கிறது என்றும் சொன்னீர்கள். பாசன வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதை நான் எதிர்க்கவில்லை. மேல்மடையில் கசிந்து வீணாகாமல் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர அது உதவுகிறது என்பதை உங்களிடம்தான் கற்றேன். ஆனால் ஆறு வேறு. அது ஓடினால்தான் நம் கிணறுகளும் கைப்பம்புகளும் ஊறும். அதைச் சுவருக்குப் பின்னால் தள்ளிவிட்டால், ஆடிப்பெருக்கன்று காப்பரிசியும் காதோலைக் கருகமணியும் எடுத்துக்கொண்டு பெண்கள் எங்கே இறங்குவார்கள்? நம் ஊருக்கு அந்தப் படித்துறையை விட நல்ல பூங்கா வேறு கிடையாது. இங்குள்ளவர்கள் பெரும்பணம் செலவழித்துச் சுவரை உடைத்து ஆற்றைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். நாம் பணம் செலவழித்துச் சுவர் கட்டி ஆற்றை இழக்க வேண்டாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், படிகளைச் செப்பனிட்டு, மேல்கரையில் புங்கனும் நொச்சியும் வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுந்து பேச வேண்டும். நீங்கள் பேசினால் ஊர் கேட்கும். படி சீர் செய்யும் செலவில் எங்கள் பங்காக ஒரு தொகையை அனுப்ப உங்கள் மாப்பிள்ளையும் சம்மதித்திருக்கிறார்.

பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. அணையில் நீர் இருந்து வழக்கம்போல் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால், கல்லணை திறக்கும் சமயத்தில் நாங்கள் ஊரில் இருப்போம். வறண்ட மணலில் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் வருவதை இவர்கள் இதுவரை பார்த்ததில்லை. எந்த நேரத்தில் நம் தலைப்பு மதகுக்கு வந்து சேரும் என்பதைப் பழைய நண்பர்களிடம் கேட்டு வையுங்கள். இரவானாலும் பிள்ளைகளை எழுப்பிக் கரைக்குக் கூட்டிப் போக வேண்டும். புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகள்.