மழைக்காலப் படகுவீடு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா லீவை ஒட்டித்தான் ஆலப்புழை படகுவீடு கேட்டு நிறையப் பேர் வருகிறீர்கள். மழைக்காலத்தில் வாடகை இறங்குவதும் ஒரு காரணம். ஆனால் அங்கே படகுகளுக்குத் தடை வருவதும் இந்த மாதங்களில்தான். "அங்க வெயில் அடிக்குதாமே, அப்புறம் எதுக்குங்க தடை?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கவுண்டரில் நின்றபடி இரண்டு வரியில் சொல்ல முடியாததால் இந்த மடல்.

மேட்டூரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. சேலத்தில் ஒரு பொட்டு மழை இருக்காது. கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி வழிந்தால், இங்கே 120 அடி தொட்டு 16 கண் மதகில் உபரி நீர் பாயும். பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே ஓடும் விசைப்படகை நிறுத்திவிடுவார்கள். ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை வரும்.

ஆலப்புழையை ஒட்டிய தாழ்வான வயல் பகுதியான குட்டநாட்டிலும் அப்படித்தான். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் மலையிலிருந்து இறங்கி வேம்பநாட்டுக் காயல் பக்கம் வந்து சேர்கின்றன. மலையில் பெய்த மழை கீழே வர நேரம் பிடிக்கும். அதை அங்குள்ளவர்கள் 'கிழக்கன் வெள்ளம்' என்பார்கள். ஆலப்புழையில் வானம் வெளுத்த பிறகும் கால்வாயில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஏறிய நீர் சீக்கிரம் வடியாது. குட்டநாட்டு வயல்களில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. வெள்ளம் கடலுக்குப் போக முக்கியமான வழி தோட்டப்பள்ளி ஸ்பில்வே, அதாவது உபரி நீரை வெளியேற்றும் மதகு. அதன் 40 ஷட்டர்களைத் தூக்கினால் மட்டும் போதாது; முகத்துவாரத்தில் அலை கொண்டுவந்து சேர்த்த மணல் திட்டைப் பொக்லைன் வைத்து வெட்டிவிட வேண்டும். கடல் மட்டம் உயர்ந்திருந்தால் வெட்டிய பிறகும் நீர் மெதுவாகத்தான் இறங்கும். இதற்கிடையில் பெரிய படகு ஒன்று போனால், அது கிளப்பும் அலை வயலைக் காக்கும் மண் வரம்பை அரிக்கும், வரம்பை ஒட்டியுள்ள வீடுகளுக்குள் தண்ணீரைத் தள்ளும். பாலத்தடியில் படகின் கூரை நுழைய இடமும் குறைந்துவிடும். நாம் ஒரு நாள் சுற்றிவிட்டு வருவோம். அங்கே குடியிருப்பவர்கள் அந்த வரம்பை நம்பித்தான் இருக்கிறார்கள்.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இந்தத் தடையைப் போட மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. மீட்புப் பணிக்குப் படகுகளை எடுத்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டு மக்களைக் கரையேற்றப் படகுவீடுகளும் ஓடின. அந்த வருஷம் நேரு கோப்பைப் படகுப் போட்டியே நவம்பருக்குத் தள்ளிப்போனது.

"சரி, படகு ஓட வேண்டாம். கரையில் கட்டியிருக்கும் படகில் ராத்திரி மட்டும் தங்கிக்கொள்கிறோம்" என்றும் கேட்கிறீர்கள். சாதாரண நாளிலேயே மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். வெள்ள நாளில் அப்படிக் கட்டிய படகு, நீர் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டு நகரும். கரைக்கும் படகுக்கும் நடுவே போட்ட பலகை சரியும். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தை அந்தப் பலகையில் கால் வைத்தால் என்ன ஆகும்? தடை உள்ள நாளில், கட்டிய படகானாலும் நாங்கள் யாரையும் ஏற்ற மாட்டோம். தடையை மீறி ஆள் ஏற்றும் படகை விசாரித்துத் தரச் சொல்லி எங்களிடம் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மாதக் கணக்கில் படகிலேயே தங்கி வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கரையில் நல்ல ஹோம்ஸ்டே பார்த்துத் தருகிறோம். படகின் கழிவுத் தொட்டியும் குடிநீர்த் தொட்டியும் சுற்றுலா வந்து போகிறவர்களின் அளவுக்குத்தான்.

1917 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றும் வேண்டும். மூன்றையும் பார்த்த பிறகே முன்பணம் அனுப்புகிறோம். ஆட்களின் எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லுங்கள். மடியில் உட்காரும் பிள்ளையும் கணக்கில் சேர வேண்டும், அதன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வேண்டும். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் குழந்தைகள் பலர்.

பணம் பற்றி: தடை உத்தரவு வந்தால் படகுக்குக் கட்டிய தொகை முழுவதும் திரும்ப வரும், அல்லது தேதியை மாற்றிக்கொள்ளலாம். ரயில் டிக்கெட்டுக்கு ரயில்வே விதிப்படி பிடித்தம் உண்டு. உத்தரவு வந்ததும் அதன் நகல் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். நீங்கள் ரயில் ஏறிய பிறகு தடை வந்தால், ஆலப்புழை ஊருக்குள் மேடான இடத்தில் அறை போட்டுத் தருவோம். அதற்காக முன்பதிவின்போதே மாற்று எண் ஒன்றும் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டிராவல்ஸ் கடையினர்,
அஞ்சு ரோடு, சேலம்