கோத்தகிரியில் ஒரு நாளைக்கு ஒரு திசை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஹோம்ஸ்டேயில் தங்குவோருக்கு நாங்கள் ஏற்பாடு செய்து தரும் வெளிப்பயண முறையை வரும் பருவத்திலிருந்து மாற்றுகிறோம். ஊட்டி ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, கோடநாடு காட்சிமுனை ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வண்டியை இனி நாங்கள் அனுப்பப்போவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு திசையில் மட்டும், காலையிலேயே புறப்பட்டு, மாலை நான்கு மணியளவில் தங்குமிடம் திரும்பிவிடும்படி பயணங்களை அமைத்திருக்கிறோம். முன்பதிவு செய்யும்போது பலரும் இதற்குக் காரணம் கேட்கிறார்கள் என்பதால், அதை எழுத்தில் விளக்குவது நல்லது என்று எண்ணினோம்.

முதற்காரணம் சாலை. கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கோடநாடு கிழக்கே, அதற்கு நேர் எதிர்ப்புறத்தில், 18 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சமவெளிக் கணக்கில் இவை மிகச் சிறிய தொலைவுகள். மலைச்சாலையிலோ, மே மாத மலர்க்கண்காட்சி நாட்களில், ஊட்டிக்குள் நுழைவதற்கே முற்பகல் முழுவதும் கழிந்துவிடும். அந்த நெரிசலைக் கருதித்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. ஆகவே சொந்த வாகனத்தில் வருவோர் பயண நாள் உறுதியானவுடனேயே இ-பாஸ் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். அரசுப் பேருந்தில் வருவோருக்கு அது தேவையில்லை. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடும் ஒருவழி ஏற்பாடு நடைமுறைக்கு வருவதுண்டு. அந்நாட்களில் எங்களிடம் வந்துசேர நீங்கள் எண்ணியதைவிடக் கூடுதல் நேரமாகும்.

இரண்டாவது காரணம் வானம். எங்களைப் பொறுத்தவரை இதுவே முக்கியமானது. நீலகிரி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று பலர் கருதுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளில்தான் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா மலைத்தொடர் இடையில் நிற்பதால், கிழக்குச் சரிவில் அமைந்த கோத்தகிரிக்கு அந்த மாதங்களில் சாரலும் காற்றும் மட்டுமே பெரும்பாலும் வந்துசேர்கின்றன. எங்களுக்கு உண்மையான மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம்தான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் உயிரிழப்பை ஏற்படுத்திய மண்சரிவுகள் அந்தப் பருவத்தில்தான் நிகழ்ந்தன. இதனால், ஜூலையில் மழைக்கு அஞ்சி முன்பதிவை ரத்து செய்யும் வாடிக்கையாளர்களிடம் 'வரலாம்' என்றும், நவம்பரில் தள்ளுபடி கேட்டு வருவோரிடம் 'ஒரு மாதம் பொறுங்கள்' என்றும் சொல்லிவருகிறோம். வியாபாரத்துக்கு இது நல்ல யோசனையா என்று எங்கள் கணக்கர் அவ்வப்போது கேட்பதுண்டு.

எந்தப் பருவமானாலும் காலையில் தெளிந்திருக்கும் பள்ளத்தாக்கைப் பிற்பகலில் மூடுபனி மூடிவிட வாய்ப்பு அதிகம். கோடநாடு காட்சிமுனையில் நின்றால், தெளிந்த வேளையில் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும், காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடா கிராமமும், தொலைவில் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும். ஊட்டியை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு அங்கே போய் நிற்பவர்கள் பல நாட்களில் வெள்ளைத் திரையை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் அங்கே இருக்கும்படிதான் இனி உங்களை அழைத்துச் செல்வோம். திரும்பும் வழியில், நேரமிருந்தால், கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய பங்களாவைப் பார்க்கலாம்; கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அவர் 1819-இல் இம்மலைக்கு வந்தவர். கேத்தரின் நீர்வீழ்ச்சி மழைக்குப் பிந்தைய வாரங்களில் மட்டுமே பயணத்துக்கு ஈடான காட்சி. கோடையில் அதற்காக அரை நாளைச் செலவிட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

நடக்க விரும்புவோருக்கு எங்கள் முதல் பரிந்துரை லாங்வுட் சோலை. ஊருக்கு அருகிலேயே ஏறக்குறைய 116 ஹெக்டேரில் எஞ்சியிருக்கும் இந்தச் சோலைக்காடு 2024 ஜனவரியில் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஏரியோ சதுப்போ இல்லாத காட்டுக்கு ஈரநிலப் பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள், உள்ளே சிறிது தூரம் நடந்தாலே விடையைக் கண்டுகொள்வார்கள்: மரங்களின் தண்டுகளில் பாசி, அடியில் பெரணி, அதற்கும் கீழே ஆண்டுக்கணக்கில் மட்கிக் கிடக்கும் இலைப்படுகை என மழைநீர் பெருமளவு அங்கேயே பிடித்துவைக்கப்பட்டு, ஓடைகளாகக் கசிந்து, சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீராகிறது. நீலகிரி சிரிப்பான் என்னும் பறவையின் குரல் இங்கே அடிக்கடி கேட்கும். பறவையைக் காண்பதற்கு அமைதியும் பொறுமையும் வேண்டும். வனத்துறையின் அனுமதி பெற்றே உள்ளே செல்ல முடியும் என்பதால், விரும்புவோர் முன்கூட்டியே சொன்னால் அதற்கான ஏற்பாட்டைச் செய்கிறோம். அனுமதி கிடைக்காத நாளில் வேறு வழியாக உள்ளே அழைத்துப்போகும்படி கேட்க வேண்டாம். ஒலிபெருக்கி, பிறந்தநாள் கேக் ஆகியவற்றையும் அங்கே கொண்டுவர வேண்டாம்.

மலை ரயிலைப் பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ரயில் இது. பற்சக்கரத்தின் துணையோடு ஏறும் கல்லாறு–குன்னூர் பகுதியைக் காண வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்தில் காலையிலேயே ஏற வேண்டும்; அந்தப் பயணச்சீட்டுகள் சீசனில் வெகு விரைவில் தீர்ந்துவிடும். கோத்தகிரியில் தங்கியிருப்போர் அதற்காக அதிகாலையில் மலையிறங்கி மறுபடி ஏறுவது களைப்பைத்தான் தரும். குன்னூரில் ஏறி, வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஏறக்குறைய 19 கிலோமீட்டர் சென்று ஊட்டியில் இறங்கினால், எங்கள் வண்டி அங்கே காத்திருக்கும். முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இந்தப் பகுதியே போதுமானது.

வெளியே எங்கும் செல்லாமல் தேயிலைத் தோட்டங்களின் ஊடே நடந்துவரவும் ஒரு நாளை ஒதுக்கலாம். இங்குள்ள தோட்டங்களில் பெரும்பாலானவை சிறு விவசாயிகளுடையவை என்பதால், உரிமையாளரின் சம்மதம் பெற்ற பாதைகளில் மட்டுமே எங்கள் ஆள் உங்களை அழைத்துச் செல்வார். மருந்து தெளித்த பாத்திகளுக்குள் குழந்தைகள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையைப் பார்ப்பதும் காலையில்தான் நல்லது. முந்தின நாள் பறித்த இலை இரவெல்லாம் வாடி, அரைபடத் தயாராவது அப்போதுதான்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பச் சொல்வதற்கு மூடுபனி மட்டுமே காரணமன்று. பொழுது சாயும் வேளையில் காட்டெருமைகள் தேயிலைச் சரிவுகளுக்கு வந்துவிடும். சிறுத்தையின் நடமாட்டமும் உண்டு. எண்ணெய் வாசனைக்குக் கடைக்கதவையும் கோயில் கதவையும் உடைக்கும் கரடிகள் இவ்வூரில் பழகிப்போன செய்தி. எனவே ஆறு மணிக்குமேல் கேட்டுக்கு வெளியே கால்நடையாகச் செல்ல யாரையும் அனுமதிப்பதில்லை. உணவு மிச்சத்தை வராந்தாவில் வைக்கக் கூடாது. படமெடுப்பதற்காக வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. இந்த விதிகளில் எவருக்கும் விலக்கு இல்லை.

மே மாதத்திலும் இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். மழை மாதங்களில் சோலைக்குச் செல்வோர் அட்டைக்கடியைத் தவிர்க்க நீண்ட காலுறை அணிந்து வரவும். உப்பும் மூக்குப்பொடியும் நாங்கள் தருகிறோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால், வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில்களைக் கொண்டுவாருங்கள். வளைவுகளில் வயிறு புரட்டும் வழக்கமுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்வது நலம். மழையாலோ வனத்துறையின் அறிவிப்பாலோ ஒரு நாள் பயணம் நின்றுபோனால், அந்த நாளின் வண்டி வாடகையை உங்கள் பில்லில் சேர்க்கமாட்டோம்.

முன்பதிவின்போது, வருவோரின் வயதையும், எவருக்கேனும் மூட்டுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் அதையும் தெரிவித்தால், எந்த நாள் எந்தத் திசை என்பதை அதற்கேற்ப வகுத்து, நீங்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஹோம்ஸ்டே நிர்வாகத்தினர்,
கோத்தகிரி